பழைய லாரிகளின் இண்டிகேட்டர் விளக்கு: டேஷ்போர்டு அடையாளங்களைக் கொண்டு பழுதறிதல்

இண்டிகேட்டர் விளக்கு என்பது வாகனம் இடப்புறமோ வலப்புறமோ திரும்பப்போவதைப் பிறருக்கு அறிவிக்கும் சிமிட்டும் விளக்கு ஆகும். தமிழில் இது திசைகாட்டி விளக்கு எனப்படுகிறது. வாகனத்தின் வெளியே முன்னும் பின்னும் மஞ்சள் நிறத்தில் எரியும் இவ்விளக்குகள் வேலை செய்கின்றனவா என்பதை ஓட்டுநருக்குத் தெரிவிக்க, டேஷ்போர்டில் பச்சை நிறத்தில் ஒரு சிறு விளக்கோ இரண்டு அம்புக்குறி விளக்குகளோ இருக்கும். இந்தச் சிறு விளக்கு எரியாமல் போவது, வேகமாகச் சிமிட்டுவது, சிமிட்டாமல் நிலையாக எரிவது, இரண்டு அம்புகளும் ஒன்றாக மினுங்குவது ஆகிய ஒவ்வொன்றும் வெவ்வேறு பழுதைக் குறிக்கும். கணினிக் கட்டுப்பாடு இல்லாத பழைய லாரிகளில் இப்பழுதுகளை ஒரு டெஸ்ட் லாம்ப், ஒரு மல்டிமீட்டர், பள்ளிப் பாடத்தில் வரும் ஓம் விதி ஆகியவற்றைக் கொண்டே கண்டுபிடிக்கலாம்.

முக்கியத்துவம்

காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள தாமல், சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். இத்தகைய ஊர்களில் நெல் மூட்டை, வைக்கோல், ஜல்லி, எம்-சாண்ட் ஏற்றிய லாரிகள் ஊர்ச் சாலையிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறுவதும், சாலை நடுவிலுள்ள திறப்பில் திரும்புவதும் அன்றாட நிகழ்வு. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் வரும் வாகனம் ஒரு நொடியில் சுமார் 22 மீட்டரைக் கடக்கிறது. முன்னே செல்லும் லாரியின் விளக்கு மூன்று முறை சிமிட்டுவதைப் பார்த்த பிறகே அதன் ஓட்டுநர் முடிவெடுக்கிறார் என்று கொண்டால், நிமிடத்துக்கு 60 முறை சிமிட்டும் விளக்குக்கு 3 நொடி, அதாவது 66 மீட்டர் செலவாகிறது. விளக்கு நிமிடத்துக்கு 40 முறை மட்டும் சிமிட்டினால் அதே மூன்று சிமிட்டலுக்குள் சுமார் 100 மீட்டர் கடந்துவிடும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989 இதற்கு எல்லை வகுத்துள்ளது. 102ஆம் விதியின்படி இண்டிகேட்டர் விளக்கு மஞ்சள் நிறத்தில் இருக்க வேண்டும். நிமிடத்துக்கு 60 முறைக்குக் குறையாமலும் 120 முறைக்கு மிகாமலும் சிமிட்ட வேண்டும். எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனங்களுக்குத் தகுதிச் சான்று ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. பழைய லாரிகளை எஃப்.சி.க்குக் கொண்டு செல்லும்போது விளக்குகளின் நிலை பார்க்கப்படும் ஒன்றாகும்.

எரியாத இண்டிகேட்டரைப் போலவே அணையாத இண்டிகேட்டரும் ஆபத்தானது. திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் திரும்பி நேராகும்போது சுவிட்சைத் தானாக அணைக்கும் பல்லமைப்பு பழைய லாரிகளில் தேய்ந்திருப்பது வழக்கம். எஞ்சின் கேபினுக்குள்ளேயே அமைந்த பழைய மாடல்களில் பிளாஷரின் ‘டிக் டிக்’ ஓசை காதில் விழாது. அப்போது டேஷ்போர்டு விளக்கு ஒன்றே நினைவூட்டும் கருவி. அதுவும் பழுதாகிவிட்டால் லாரி வலப்புற விளக்கைச் சிமிட்டிக்கொண்டே பல கிலோமீட்டர் நேராகச் செல்ல நேரிடும். பின்னால் வருபவரை முந்திச் செல்லுமாறு அனுமதிக்கவும் சில ஓட்டுநர்கள் இண்டிகேட்டரைப் போடும் பழக்கம் இருப்பதால், இது மேலும் குழப்பத்தை உண்டாக்கும்.

வரலாறு

மின் விளக்கு வருவதற்கு முன் கை சைகையே வழக்கில் இருந்தது. வலப்புறம் அமர்ந்துள்ள ஓட்டுநர் வலக்கையை வெளியே நீட்டிக் காட்டுவார். இடப்புறத்துக்கு லாரியின் கிளீனர் கையை நீட்டுவார். வாகனத்தின் பக்கவாட்டிலிருந்து கைபோல் வெளியே நீளும் விளக்குப் பட்டைகள் பின்னர் சில வாகனங்களில் வந்தன. சிமிட்டும் விளக்கை அமெரிக்காவின் பியூக் நிறுவனம் தனது 1939ஆம் ஆண்டு மாடல் கார்களில் அளித்தது.

தமிழ்நாட்டில் 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூர் ஆலையில் லாரி, பேருந்து அடிச்சட்டங்களை உருவாக்கியது. டாடா நிறுவனம் 1954இல் ஜெர்மனியின் பென்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து லாரி உற்பத்தியில் இறங்கியது. வாகன மின் கருவிகளைத் தயாரிக்கும் லூகாஸ் டிவிஎஸ் 1961இல் சென்னை பாடியில் தொடங்கப்பட்டது. பிரிட்டிஷ் வழி, ஜெர்மன் வழி என இரு மரபுகளும் கலந்ததால், பழைய லாரிகளின் பிளாஷர் முனைகளில் இரண்டு விதமான குறியீடுகளைக் காணலாம்.

அமைப்பு

பெரிய லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டு 24 வோல்ட் பெறப்படுகிறது. சிறிய சரக்கு வாகனங்கள் பலவற்றில் 12 வோல்ட் மட்டுமே உண்டு. பேட்டரியிலிருந்து மின்சாரம் செல்லும் வழி பின்வருமாறு:

பேட்டரி → பியூஸ் → இக்னிஷன் சுவிட்ச் → ஹசார்டு சுவிட்ச் → பிளாஷர் → ஸ்டியரிங் அடியிலுள்ள இண்டிகேட்டர் சுவிட்ச் → இடது அல்லது வலது விளக்குகள் → எர்த்.

மாடலுக்கேற்ப இவ்வரிசை சற்று மாறலாம். ஹசார்டு சுவிட்ச் இல்லாத மிகப் பழைய லாரிகளும் உண்டு. எர்த் என்பது பேட்டரியின் எதிர்முனையோடு இணைந்த அடிச்சட்டமே. மின்சாரம் விளக்குக்குப் போவதற்கு ஒரு வயர் இருந்தால், திரும்பி வரும் வழி பெரும்பாலும் அடிச்சட்டத்தின் இரும்பாகவே இருக்கும்.

பிளாஷர்: சிமிட்டலை உண்டாக்கும் கருவி. பழைய வகையில், மின்சாரம் பாயும்போது சூடாகும் கம்பியோ இரு உலோகத் தகடோ விரிந்து தொடர்பை இணைத்தும் துண்டித்தும் சிமிட்டலை ஏற்படுத்தும். பிந்தைய எலெக்ட்ரானிக் வகை, ரிலேயை ஒரு சிறு மின்சுற்றால் இயக்குகிறது. ஜெர்மன் முறையில் உள்வரும் முனை 49 என்றும், விளக்குக்குச் செல்லும் முனை 49ஏ என்றும், எர்த் 31 என்றும், டேஷ்போர்டு விளக்குக்கான முனை சி என்றும் குறிக்கப்படும். பிரிட்டிஷ் முறையில் பேட்டரி, லாம்ப், பைலட் ஆகிய ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும்.

டேஷ்போர்டு விளக்கு இணைக்கப்படும் மூன்று முறைகள்

பழுதறிவதற்கு முன், டேஷ்போர்டு விளக்கு எம்முறையில் இணைக்கப்பட்டுள்ளது என்பதை அறிவது அவசியம்.

1. இரண்டு அம்புகள்: இடது அம்பு இடப்புற விளக்குகளோடும், வலது அம்பு வலப்புற விளக்குகளோடும் பக்க இணைப்பில் இருக்கும். சுவிட்ச் மின்சாரம் அனுப்பினாலே அம்பு எரியும். பின்புற பல்பு பியூஸ் போயிருந்தாலும் அம்பு எரியும் என்பதால், இம்முறையில் அம்பு எரிவது வெளி விளக்கு எரிவதற்குச் சான்று ஆகாது. சிமிட்டும் வேகம் மாறுவதே எச்சரிக்கை.

2. பிளாஷரின் பைலட் முனையிலிருந்து ஒரே விளக்கு: வெளியே உள்ள பல்புகள் முழு மின்னோட்டத்தை எடுத்தால் மட்டுமே இவ்விளக்கு சிமிட்டும். ஒரு பல்பு போனாலும் இது எரியாமல் நின்றுவிடும். எனவே இங்கே டேஷ்போர்டு விளக்கு எரியாதது, பெரும்பாலும் வெளியே உள்ள பழுதைப் பற்றிய செய்தியாகும்.

3. இடது, வலது வயர்களுக்கு நடுவே ஒரே விளக்கு: இதற்குத் தனி எர்த் கிடையாது. இடது இண்டிகேட்டர் போடும்போது மின்சாரம் டேஷ்போர்டு பல்பின் வழியாகச் சென்று, அணைந்திருக்கும் வலப்புற பல்புகளின் வழியே எர்த்தை அடையும். 24 வோல்ட், 2 வாட் டேஷ்போர்டு பல்பின் மின்தடை 288 ஓம். 21 வாட் வெளி பல்பின் தடை எரியும்போது சுமார் 27 ஓம். குளிர்ந்த நிலையில் அதைவிட மிகக் குறைவு. ஆகவே மின்னழுத்தம் ஏறத்தாழ முழுவதும் டேஷ்போர்டு பல்பிலேயே விழுகிறது. வலப்புற விளக்கு எரிவதில்லை. இம்முறையில் இடது இண்டிகேட்டர் சரியாக எரிந்தும் டேஷ்போர்டு விளக்கு எரியவில்லை என்றால், பழுது வலப்புற பல்புகளிலோ அவற்றின் எர்த்திலோ இருக்கக்கூடும்.

அடையாளங்களும் காரணங்களும்

வெளி விளக்கும் டேஷ்போர்டு விளக்கும் இரு பக்கமும் எரியவில்லை: பியூஸ், ஹசார்டு சுவிட்சின் தொடர்பு முனைகள், பிளாஷர், இண்டிகேட்டர் சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்று பழுது. எல்லா பல்புகளும் ஒரே நேரத்தில் போவது அரிது.

வெளி விளக்கு இரு பக்கமும் சரியான வேகத்தில் சிமிட்டுகிறது, டேஷ்போர்டு விளக்கு மட்டும் எரியவில்லை: டேஷ்போர்டு பல்பு, அதன் ஹோல்டர், மீட்டர்களுக்குப் பின்னாலுள்ள பிரின்டட் சர்க்யூட், மீட்டர் தொகுதியின் எர்த் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பைலட் வகையில் பிளாஷரும் காரணமாகலாம்.

ஒரு பக்கம் மட்டும் மிக வேகமாகச் சிமிட்டுகிறது: எலெக்ட்ரானிக் பிளாஷர் உள்ள லாரியில், அந்தப் பக்கத்தில் ஒரு பல்பு எரியவில்லை என்பதே இதன் பொருள். 21 வாட் பல்புகள் இரண்டும் சேர்ந்து 24 வோல்ட்டில் 1.75 ஆம்பியர் எடுக்கும். ஒன்று போனால் 0.875 ஆம்பியராகக் குறையும். பிளாஷர் இக்குறைவை உணர்ந்து வேகத்தைக் கூட்டி ஓட்டுநரை எச்சரிக்கிறது. இது பிளாஷரின் பழுது அன்று.

ஒரு பக்கம் மெதுவாகச் சிமிட்டுகிறது அல்லது சிமிட்டாமல் நிலையாக எரிகிறது: சூட்டினால் இயங்கும் பழைய பிளாஷரில், பல்பு போய் மின்னோட்டம் குறையும்போது கம்பி போதிய அளவு சூடாகாது. ஆகவே அதே பழுது இங்கு எதிர்மாறான அடையாளத்தைத் தருகிறது. இரு பக்கமும் நிலையாக எரிந்தால் பிளாஷரையே ஐயுற வேண்டும்.

இண்டிகேட்டருடன் டெயில் விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறது, அல்லது இரண்டு அம்புகளும் மங்கலாக மினுங்குகின்றன: எர்த் பழுது. வழக்கமான வழி அடைபட்டதால் மின்சாரம் வேறொரு பல்பின் இழை வழியாக எர்த்தைத் தேடுகிறது.

பல்புகள் அடிக்கடி பியூஸ் போகின்றன: எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 24 வோல்ட் அமைப்பில் இது சுமார் 28 வோல்ட் இருக்கும். 30 வோல்ட்டைத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டரைப் பார்க்க வேண்டும். 12 வோல்ட் பல்பைத் தவறுதலாக 24 வோல்ட் லாரியில் பொருத்துவதும் ஒரு காரணம்.

பழுதறியும் முறை

வேலையைத் தொடங்குமுன் லாரியைச் சமதளத்தில், சாலையை விட்டு விலக்கி நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். வயரைக் கழற்றும் வேலை இருந்தால் பேட்டரியின் எதிர்முனையை முதலில் கழற்ற வேண்டும்.

முதல் படி, வெளியே பார்த்தல்: டேஷ்போர்டைப் பிரிப்பதற்கு முன் லாரியைச் சுற்றி வர வேண்டும். இடது இண்டிகேட்டரைப் போட்டு முன், பக்கம், பின் விளக்குகளைப் பார்த்து, பிறகு வலதைப் பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்வது நல்லது.

இரண்டாம் படி, ஹசார்டு சோதனை: ஹசார்டு சுவிட்சைப் போட்டால் நான்கு பக்கமும் சரியாக எரிகின்றன, ஆனால் இண்டிகேட்டர் மட்டும் எரியவில்லை எனில், பல்பு, எர்த், பின்னால் செல்லும் வயர் ஆகியவை நன்றாக உள்ளன. இரண்டுக்கும் ஒரே பிளாஷர் என்றால் அதுவும் நன்றாக உள்ளது. பழுது இண்டிகேட்டருக்கான பியூஸ், ஹசார்டு சுவிட்சின் முனைகள், இண்டிகேட்டர் சுவிட்ச் ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. நீண்ட நாள் பயன்படுத்தாத ஹசார்டு சுவிட்சின் முனைகளில் பச்சைப் பூஞ்சணம்போல் துரு படிந்திருக்கும். சுவிட்சைப் பத்துப் பதினைந்து முறை அழுத்தி எடுத்ததும் இண்டிகேட்டர் வேலை செய்தால் காரணம் தெரிந்துவிடும்.

மூன்றாம் படி, பியூஸ்: கண்ணால் பார்ப்பது போதாது. டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை எர்த்தில் வைத்து, பியூஸின் இரு பக்கமும் மறுமுனையைத் தொட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எரிந்தால் பியூஸ் போயிருக்கிறது. போன பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டித் தாளையோ சுற்றுவது, வயர் தீப்பற்றக் காரணமாகும். புதிய பியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் உள்ளது. பெரும்பாலும் அடிச்சட்டத்தின் துளை வழியே வயர் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் தேய்ந்து வயர் உரசியிருக்கும்.

நான்காம் படி, பிளாஷர்: பிளாஷரைக் கழற்றி, அதன் சாக்கெட்டில் 49, 49ஏ முனைகளை ஒரு துண்டு வயரால் சிறிது நேரம் இணைக்க வேண்டும். இண்டிகேட்டர் சுவிட்சைப் போட்டதும் விளக்குகள் சிமிட்டாமல் நிலையாக எரிந்தால் பழுது பிளாஷரில் உள்ளது. எரியாவிட்டால் 49இல் மின்சாரம் வருகிறதா என்று பார்த்து, வந்தால் சுவிட்சையும், வராவிட்டால் பியூஸ் பக்கத்தையும் நோக்கிச் செல்ல வேண்டும்.

ஐந்தாம் படி, எர்த் சோதனை: மல்டிமீட்டரை வோல்ட் அளவையில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும், சிவப்பு முனையை விளக்கு ஹோல்டரின் உலோக உடலிலும் வைத்து இண்டிகேட்டரைப் போட வேண்டும். எர்த் நன்றாக இருந்தால் அளவு பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைச் சுத்தம் செய்ய வேண்டும்.

கடைசிப் படி, டேஷ்போர்டைப் பிரித்தல்: மேற்கண்டவை யாவும் சரியாக இருந்தால் மட்டுமே மீட்டர் தொகுதியைக் கழற்ற வேண்டும். பல்பை ஹோல்டரோடு திருகி எடுத்து, ஹோல்டர் முனைகளையும் பிரின்டட் சர்க்யூட்டின் செம்புப் பூச்சையும் மெல்லிய எமரித் தாளால் இலேசாகத் துடைக்கலாம். அழுத்தித் தேய்த்தால் பூச்சு உரிந்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு

மரப்பலகை பாடி கட்டிய 24 வோல்ட் லாரி ஒன்றில் வலது அம்பு வேகமாகச் சிமிட்டுகிறது. இடது சரியாக உள்ளது என்று கொள்வோம். வெளியே பார்த்தால் முன் வலது விளக்கு எரிகிறது. பின் வலது மஞ்சள் விளக்கு எரியவில்லை. அதன் அருகிலுள்ள சிவப்பு டெயில் விளக்கு மங்கலாகச் சிமிட்டுகிறது. பல்பை மாற்றியும் நிலை மாறவில்லை. பிளாஷரை மாற்றினாலும் மாறாது.

இங்கு பின்விளக்குத் தொகுதியின் எர்த் அறுந்துள்ளது. இண்டிகேட்டர் பல்பின் வழியே வந்த மின்சாரம் எர்த்தை அடைய முடியாமல், டெயில் பல்பின் இழையில் பின்னோக்கிப் பாய்ந்து, மற்ற பார்க்கிங் விளக்குகளின் வழியே வெளியேறுகிறது. பல இழைகள் தொடராகச் சேர்வதால் மின்னோட்டம் வெகுவாகக் குறைகிறது. பிளாஷர் அதைப் பல்பு போனதாக எடுத்துக்கொண்டு வேகமாகச் சிமிட்டுகிறது.

எர்த் முற்றிலும் அறாமல் துருவினால் 10 ஓம் தடை மட்டும் சேர்ந்திருந்தால், 27.4 ஓம் பல்புடன் மொத்தத் தடை 37.4 ஓம். மின்னோட்டம் 0.64 ஆம்பியர், பல்பில் வெளிப்படும் திறன் சுமார் 11 வாட். அதாவது 21 வாட் பல்பு ஏறத்தாழப் பாதித் திறனில் எரிகிறது. இந்நிலையில் அம்பு வழக்கமான வேகத்திலேயே சிமிட்டக்கூடும். பின்னால் வருபவருக்கோ பகல் வெளிச்சத்தில் விளக்கு தெரியாது. டேஷ்போர்டை மட்டும் நம்பாமல் பின்னால் சென்று பார்க்க வேண்டியதன் காரணம் இதுவே.

இவ்வகைப் பழுது மரப் பாடி லாரிகளில் மிகுதி. நாமக்கல் போன்ற ஊர்களில் லாரிக்குப் பாடி தனியாகக் கட்டப்படுகிறது. மரம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், மரத்தில் பொருத்திய விளக்குக்கு அடிச்சட்டம் வரை தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். அந்த வயரின் முனையில் சேறும் கல்தூளும் மழைநீரும் சேர்ந்து துருப்பிடிக்கும். ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றும் லாரிகளில் தூள் ஹோல்டருக்குள்ளும் புகும். போல்டைக் கழற்றி, இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதிய வளைய முனையுடன் இறுக்கி, மேலே கிரீஸ் தடவினால் பழுது நீங்கும்.

எல்இடி விளக்குக்கு மாற்றும்போது

பழைய லாரியில் 21 வாட் பல்புக்குப் பதிலாக எல்இடி பொருத்தினால், அது எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. 3 வாட் எல்இடி 24 வோல்ட்டில் 0.125 ஆம்பியர் மட்டுமே எடுக்கும். பிளாஷர் இதைப் பல்பு போனதாகக் கொள்ளும். சூட்டு வகை பிளாஷர் சிமிட்டவே செய்யாது. டேஷ்போர்டு விளக்கு இரு பக்கங்களுக்கும் நடுவே இணைக்கப்பட்டிருந்தால், அதன் வழியே கசியும் சிறு மின்னோட்டமே மறுபக்க எல்இடிகளை எரியவைக்கப் போதுமானது. ஒரு பக்கம் போட்டால் நான்கும் சிமிட்டும்.

எல்இடிக்கு ஏற்ற பிளாஷரைப் பொருத்துவது சரியான தீர்வு. சிலர் விளக்குடன் பக்க இணைப்பில் ரெசிஸ்டர் சேர்ப்பர். 21 வாட் பல்பைப் போல நடிக்க சுமார் 27 ஓம் தேவை. 28 வோல்ட்டில் அது எரியும் நேரத்தில் 29 வாட் வெப்பத்தை வெளியிடும். ஆகவே 50 வாட் தாங்கும் ரெசிஸ்டரை இரும்பில் பொருத்த வேண்டும். மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ பொருத்தக் கூடாது.

பராமரிப்பு

நாள்தோறும் வண்டியை எடுக்கும்முன் இடது, வலது, ஹசார்டு மூன்றையும் போட்டு ஒரு சுற்று வந்து பார்ப்பது போதுமான சோதனை. விளக்குக் கண்ணாடியில் படிந்த தூளைத் துடைக்க வேண்டும். உரிய வோல்ட், வாட் பொறித்த பல்புகளையும் பியூஸ்களையும் வண்டியில் வைத்திருக்க வேண்டும்.

பாட்டுப் பெட்டிக்காக இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பது பல லாரிகளில் காணப்படும் பழக்கம். இதனால் அந்தப் பேட்டரி குறைவாகவும் மற்றது அளவுக்கு மீறியும் சார்ஜ் ஆகி, இரண்டும் விரைவில் கெடும், விளக்குகளும் மங்கும். 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வெர்ட்டரைப் பயன்படுத்துவதே முறை.

வழியில் இண்டிகேட்டர் பழுதானால், சரிசெய்யும்வரை கை சைகையைப் பயன்படுத்தலாம். ஆனால் உயரமாகப் பாரம் ஏற்றிய லாரியில் ஓட்டுநரின் கை பின்னால் வருபவருக்குத் தெளிவாகத் தெரியாது. இரவில் தெரியவே தெரியாது. ஆகவே இருட்டுவதற்கு முன் பழுதை நீக்கிய பிறகே பயணத்தைத் தொடர்வது பாதுகாப்பானது.